சாமி உத்தரவு கொடுத்த பிறகும் மனசு நம்பவில்லை. இந்த நோன்புக்கு நான் இழை எடுத்துக் கொடுக்கலாமா?

வளவுக்காரி
(கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், இரவு 11.40)

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

என் அயித்தை (மாமியார்) போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. அதற்கு முன் மூன்று வருடம் படுக்கை. பக்கவாதம், இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறல்தான். பார்த்துக்கொண்டது நான். பகலில் ஒரு அம்மா கூடமாட வருவார். ராத்திரி நான் மட்டும்தான்.

புரட்டாசியில் ஒரு ராத்திரி மூன்றாவது தடவையாகத் துணி மாற்றினேன். எனக்கும் அன்றைக்குக் காய்ச்சல். அலுப்பில், "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பாடு, சீக்கிரம் போய்ச் சேரக் கூடாதா" என்று சொல்லிவிட்டேன். சத்தமாகத்தான் சொன்னேன். அயித்தை கண் திறந்து என்னைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்த்தபோது உயிர் இல்லை.

தலைத் திவசம் முடிந்ததும் குலதெய்வக் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்து, ஒரு குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளைப் பூ வந்தால் சாமி என்னை மன்னித்துவிட்டது, சிவப்பு வந்தால் இல்லை என்று மனதில் நினைத்துக்கொண்டேன். வெள்ளைதான் வந்தது. பூசாரி திருநீறு பூசி அனுப்பினார். கோயில் வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன், பொட்டலத்தை எடுத்த குழந்தை பிரித்துப் பார்த்து எடுத்திருக்குமோ என்று வந்துவிட்டது. அடுத்த வாரம் மறுபடி போனேன். சிவப்பு. அதற்கடுத்து வெள்ளை. இதுவரை ஏழு தடவை ஆகிவிட்டது. வெள்ளை ஐந்து, சிவப்பு இரண்டு. அந்த இரண்டுதான் நிஜம் என்று தோன்றுகிறது.

இப்போது பிள்ளையார் நோன்பு வருகிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தீபத்திலிருந்து 21 நாள் கணக்கு. கோடி வேட்டியிலிருந்து பிரித்த 21 இழையைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, ஒவ்வொருவரும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். எங்கள் வீட்டில் அயித்தைதான் எல்லோருக்கும் எடுத்துக் கொடுப்பார்கள். போன வருடம் துக்க வருடம், நோன்பு இல்லை. இந்த வருடம் கொழுந்தன் குடும்பம் சென்னையிலிருந்து வருகிறது. வீட்டுக்கு மூத்தவள் நான். அயித்தை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து இந்தக் கையால் கொடுக்கலாமா?

பட்டமங்கலத்தான்
(மறுநாள் காலை)

ஆச்சி, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் முழுகி, உள்ளே 22 தீர்த்தமும் ஆடி, ஒரு தில ஹோமம் செய்துவிட்டு வாருங்கள். நம் பெரியவர்கள் வழி வைக்காமலா போனார்கள்? திரும்பும்போது மனசு லேசாகிவிடும்.

வளவுக்காரி

அண்ணே, போய் வந்தாயிற்று, ஐப்பசி அமாவாசைக்கு. பதினைந்தாவது கிணறோ என்னவோ, வாளித் தண்ணீர் பாதி பக்கத்தில் நின்றவர் மேல் விழுந்துவிட்டது. எனக்கு இது சேராது என்று தோன்றித் திரும்ப வரிசையில் போய் நின்றேன். வீட்டுக்காரர் திட்டித்தான் கூட்டி வந்தார்.

கேள்விக்குறி

நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை, கோபப்படாதீர்கள். நீங்கள் பேசியது உங்கள் மாமியாரிடம். மன்னிக்க வேண்டியவரும் அவர்தான். அவர் இல்லை. அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். பூப் பொட்டலத்தை வைத்து அதை நிரப்பப் பார்க்கிறீர்கள், நிரம்பாது.

பட்டமங்கலத்தான்

ஆறுதல் சொல்ல வக்கில்லாவிட்டால் சும்மா இருக்கலாம் தம்பி.

நைட் டூட்டி
(அதே நாள் இரவு)

நான் செவிலியர். 19 வருடமாக ஆஸ்பத்திரி வேலை, பாதி நாள் ராத்திரிப் பணி. ஆச்சி, சாமி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இரண்டு கேள்வி. அயித்தைக்கு முதுகிலோ இடுப்பிலோ படுக்கைப்புண் இருந்ததா? சாப்பாடு வாயாலா, மூக்குக் குழாயிலா?

வளவுக்காரி

புண் வரவில்லை. ஒரே ஒரு தடவை வால் எலும்பு பக்கம் சிவந்தது, தண்ணீர்ப் படுக்கை வாங்கினோம், சரியாகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார், செல்போனில் மணி வைத்திருந்தேன். சாப்பாடு கடைசி வரை வாயால்தான். கஞ்சியை ஆற்றிக் கரண்டியால் கொடுப்பேன். இடது பக்கம் தங்கிவிடும் என்பதால் வலது கடைவாயில் கொடுப்பேன்.

நைட் டூட்டி

ஆச்சி, சம்பளத்துக்கு ஆள் போட்டுப் பார்க்கிற இடத்திலேயே பக்கவாத நோயாளிக்கு மூன்று மாதத்தில் புண் வந்து பார்த்திருக்கிறேன், எலும்பு தெரிகிற அளவுக்கு. மூன்று வருடம் புண் இல்லாமல் ஒரு உடம்பைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். ராத்திரிக்கு நாலு தடவை என்று வைத்துக்கொண்டால், மூன்று வருடத்தில் ராத்திரி மட்டும் 4000 தடவைக்கு மேல் எழுந்து புரட்டியிருக்கிறீர்கள். அதில் ஒரு ராத்திரி, காய்ச்சலோடு, வாய் தவறியது. வார்த்தையால் இருதயம் நிற்காது. இவ்வளவு நாள் படுத்தவர்கள் தூக்கத்தில் போவது நான் அடிக்கடி பார்க்கிறதுதான்.

வளவுக்காரி
(மறுநாள்)

நேற்று ராத்திரி இதைப் படித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன். பொய் சொல்லவில்லை. ஆனால் காலையில் காபி போடும்போதே, இந்த ஆச்சி நர்ஸ், அவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் ஆறுதல் சொல்வார்கள் என்று வந்துவிட்டது. நான் சொன்ன தொனியை அவர்கள் கேட்கவில்லையே. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று உங்களிடம் கேட்கக் கை பரபரக்கிறது.

நைட் டூட்டி

கேட்காதீர்கள். நானும் சொல்லப் போவதில்லை.

ஏன் என்றால், இதுதான் எட்டாவது பொட்டலம். பூசாரியிடம் ஏழு தடவை, இங்கே எட்டாவது. நான் சொன்னது வெள்ளைப் பூ. ஒரு ராத்திரிக்கு வேலை செய்தது. நாளைக்கு யாராவது கேள்விக்குறி மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் அது சிவப்பு.

என் கதையையும் சொல்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர். நர்சிங் முடித்த புதிதில் ஒரு வார்டில் மருந்து கொடுக்க நேரம் தவறிவிட்டேன். அந்தப் பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, டாக்டரிடமும் உடனே சொல்லிவிட்டேன். ஆனாலும் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும்போது, அதைச் சொன்னேன். அடுத்த மாதம் மறுபடி சொன்னேன், முதல் தடவை சரியாகச் சொல்லவில்லையோ என்று. அதற்கடுத்த மாதமும். நாலாவது தடவை சாமியார் நிறுத்தினார். "முதல் தடவை நான் சொன்னது உன் காதில் விழவில்லையா? இனி இதைச் சொல்லிக்கொண்டு இங்கே வராதே" என்றார். எனக்குக் கோபம் வந்தது, வெளியே வந்து அழுதேன். இன்று யோசித்தால் அவர் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான். பிறகு அவரே ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்: யேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாருக்கே இது இருந்ததாம். 1522-இல் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லி, போதவில்லை போதவில்லை என்று தவித்திருக்கிறார். பழைய பாவங்களை இனி சொல்வதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் அதிலிருந்து மீண்டார்.

இது மருத்துவப் புத்தகத்திலும் உண்டு. கதவைப் பூட்டினோமா என்று இருபது தடவை பார்ப்பவர்கள் இருக்கிறார்களே, அதே வியாதி சிலருக்குச் சாமி பெயரில் வரும். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் தூக்கமும் சாப்பாடும் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசாங்க எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. சிகிச்சையில் அவர்கள் முக்கியமாகப் பழக்குவது, சந்தேகம் வந்தாலும் திரும்பப் போய்ப் பார்க்காமல் இருப்பதைத்தான்.

கோட்டியூர் கோபுரம்

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் ஊர் திருக்கோஷ்டியூர்க் கதையை விட்டுவிட்டு இந்தப் பேச்சு நடக்கக் கூடாது. ராமானுஜர் எட்டெழுத்துத் திருமந்திரத்தின் பொருள் கேட்டு, குரு திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 தடவை வந்தார். யாருக்கும் சொல்லாதே என்ற நிபந்தனையோடுதான் நம்பி சொன்னார். ராமானுஜர் நேரே போய்க் கோபுரத்தில் ஏறி எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். குரு வாக்கை மீறினால் நரகம் ஆயிற்றே என்று கேட்டதற்கு, இத்தனை பேர் உய்வார்கள் என்றால் நான் ஒருவன் நரகம் போகிறேன் என்றார். நம்பி கட்டிக்கொண்டு "எம்பெருமானார்" என்று பெயரே வைத்தார். ஆச்சி, பெருமாள் பார்ப்பது உள்ளத்தை.

கேள்விக்குறி

கதை நன்றாக இருக்கிறது, பொருந்தவில்லை. அவர் பிறருக்காக, தெரிந்தே மீறினார். இந்த ஆச்சி அலுப்பில் ஒரு வார்த்தை விட்டார். அவரைப் போய் ராமானுஜர் ஆக்கினால் இன்னும் கூனிக் குறுகித்தான் போவார்.

கோட்டியூர் கோபுரம்

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நரகம் போவேனா மாட்டேனா என்று கணக்குப் பார்த்துக்கொண்டு அவர் கீழேயே நிற்கவில்லை. அதற்காகத்தான் சொன்னேன்.

சாமான் கடை
(ஆறாம் நாள், நள்ளிரவு)

காரைக்குடியில் பழைய சாமான் வியாபாரம். இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். (நோன்பு இழையைச் சொல்லவில்லை, இந்த இழை.)

எனக்கு ஆச்சியின் வியாதிக்கு நேர் எதிர் வியாதி.

எங்கள் பொது வீட்டைப் பிரித்தபோது பர்மா தேக்குத் தூண் எட்டு இருந்தது. விற்றுக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது, தொழில் தெரிந்தவன் நான்தானே. தம்பி வெளிநாட்டில். எட்டில் ஆறு கரையான் அரித்துவிட்டது, விறகு விலைக்குத்தான் போனது என்று சொல்லி இரண்டு தூணுக்கு மட்டும் பங்கு அனுப்பினேன். கரையான் எதுவும் அரிக்கவில்லை. எட்டும் கல் மாதிரி இருந்தன. ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டன. இப்போதும் அந்த வழியாகப் போனால் முகப்பில் நிற்பது தெரியும்.

இதற்கு அப்புறம் நான் ஒரு சங்கடஹர சதுர்த்தி விட்டதில்லை. பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகர் முன்னால் நின்றால் எனக்கு அப்படி ஒரு நிம்மதி வரும். ஒரு கேள்வி வராது, ஒரு உறுத்தல் வராது. வியாபாரமும் நன்றாக நடந்தது. சாமிக்கு நம்மைப் பிடித்திருக்கிறது, இல்லாவிட்டால் இப்படிக் கொடுப்பாரா என்றே நினைத்திருந்தேன். தம்பி மனைவி கொல்லங்குடிக்குப் போய் வெட்டுடையார் காளி சந்நிதியில், ஏமாற்றியவனைக் கேள் என்று காசு வெட்டிப் போட்டுவிட்டு வந்ததாக ஒருவர் சொன்னார். அதற்குக்கூட நான் அசையவில்லை, அதற்கும் ஒரு அர்ச்சனை செய்துவிட்டேன்.

ஆச்சி தண்ணீர்ப் படுக்கை வாங்கியதைப் படித்ததும் என்னவோ செய்துவிட்டது. மூன்று வருடம் பார்த்தவர் ஏழு தடவை பூக் கேட்கிறார். நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும் போல.

இளையான்குடி கடைவீதி

அண்ணே, எங்கள் மார்க்கத்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. தவ்பாவுக்கு (பாவமன்னிப்புக் கேட்பதற்கு) மூன்று வேண்டும்: செய்வதை விட வேண்டும், வருந்த வேண்டும், இனி செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். அல்லாஹ்வுக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள விஷயம் என்றால் அதோடு சரி, அவன் அருளில் நம்பிக்கை இழப்பதற்கு அனுமதியே கிடையாது. அடுத்த மனிதனின் பொருள் என்றால் நாலாவதாக ஒன்று சேரும். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவர் மனம் பொருந்தி விட்டுக்கொடுக்க வேண்டும். எத்தனை தொழுதாலும் ஆறு தூண் தொழுகையில் கழியாது. அந்த ஆச்சிக்கு மூன்றும் முடிந்துவிட்டது. உங்களுக்கு நாலாவது பாக்கி.

கேள்விக்குறி

இந்த ஒரு பதிலுக்கு நான் கை தட்டுகிறேன்.

பட்டமங்கலத்தான்

நானும்தான். அதற்காகப் பரிகாரமே வீண் என்று ஆகிவிடாது. சொல்லிவைக்கிறேன்.

பழைய வாத்தியார்
(ஒன்பதாம் நாள்)

நாற்பது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவன். தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுந்தரர் கதையில் ஒரு பகுதியை நம் மேடைகளில் சீக்கிரம் தாண்டிவிடுகிறார்கள். திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்தார். பிறகு திருவாரூர் நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆச்சியின் வாய் தவறலோடு ஒப்பிட்டால் இது பெரிய குற்றம். தெரிந்தே செய்த சத்தியம், தெரிந்தே மீறியது. தெய்வமும் தண்டித்துவிட்டது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

குருடராக நடந்து திருவெண்பாக்கம் வருகிறார். கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்கிறார். ஏழாம் திருமுறையில் அந்தப் பதிகம் இருக்கிறது. பிழை செய்தாலும் பொறுப்பாய் என்று நம்பித்தானே பிழை செய்தேன் என்று ஆரம்பிக்கும். சண்டை போடுகிற பாட்டு அது. உள்ளே இருந்து பதில் வருகிறது: "உளோம் போகீர்." இருக்கிறோம், நீர் போம்.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். கண் போனவனுக்கு இதுவா பதில் என்று. எனக்கும் இளமையில் கோபம்தான் வரும். மன்னித்தேன் என்று இல்லை, மன்னிக்கவில்லை என்றும் இல்லை. கண்ணும் கிடைக்கவில்லை. ஒரு ஊன்றுகோல் கிடைத்தது. அதை ஊன்றிக்கொண்டு காஞ்சிபுரம் போனார், அங்கே இடது கண். வலது கண் திருவாரூர் போன பிறகுதான். நடுவில் இருந்த அத்தனை தூரமும் குருடராக நடந்தார். கோல் கொடுத்தவர் மேல் கோபத்தோடுதான் நடந்தார், அவர் பாட்டே சாட்சி.

என் மனைவி தவறியபோது நான் ஊரில் இல்லை. எதற்காகப் போயிருந்தேன் என்பது இங்கே வேண்டாம். அதற்குப் பிறகுதான் எனக்கு இந்த இரண்டு சொல் புரிந்தது. "உளோம்" என்பதைக் கேட்டுவிட்டு நான் சந்நிதியிலேயே நின்றுகொண்டிருந்தேன், இன்னொரு தடவை சொல் என்று. "போகீர்" என்று சொன்னதை விட்டுவிட்டேன்.

வளவுக்காரி

ஐயா, அப்படியானால் வெள்ளைப் பூ நிஜம்தானா?

பழைய வாத்தியார்

அம்மா, நர்ஸ் அம்மா உங்களுக்கு இட்ட தடை எனக்கும்தான்.

நைட் டூட்டி

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் வேதத்திலும் ஊதாரி மைந்தன் கதையில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும் முன்பு அப்பாவிடம் என்ன பேசுவது என்று அவன் ஒத்திகை பார்ப்பான். கடைசி வரி, "உம்முடைய கூலியாட்களில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." ஆனால் அப்பா ஓடி வந்து கட்டிக்கொண்ட பிறகு, அந்த வரியை அவன் சொன்னதாகவே இல்லை. அதற்குள் அப்பா வேலைக்காரர்களைக் கூப்பிட்டு நல்ல உடை எடுத்து வரச் சொல்லிவிடுகிறார். கூலி செய்து கடனைக் கழிக்கலாம் என்றுதான் அவன் நினைத்து வந்தான். கழிக்க விடவில்லை.

ஆச்சி, நீங்கள் இழை எடுக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்ல மாட்டேன். நோன்பு உங்கள் வழக்கம், எனக்கு அதில் உரிமை இல்லை. அன்று காலையில் பூக்கட்டிப் பார்க்கப் போக வேண்டாம், அவ்வளவுதான்.

கேள்விக்குறி

நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாமியார் அந்த ராத்திரி கண் திறந்து பார்த்தார் என்றீர்கள். அந்தப் பார்வைக்கு நீங்கள் ஒரு அர்த்தம் வைத்திருக்கிறீர்கள். மூன்று வருடம் உங்கள் கையில் சாப்பிட்டவர் அவர். வேறு அர்த்தமும் இருந்திருக்கலாம். என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

(நடுவில் சில நாள் யாரும் எழுதவில்லை.)

வளவுக்காரி
(நோன்புக்கு மறுநாள் மாலை)

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

காலையிலிருந்து கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. பூக்கட்டப் போகவில்லை. ஆனால் உச்சியில் பல்லி சத்தம் கேட்டது, எந்தத் திசை என்று பார்க்கக் கழுத்து திரும்பியது. பார்த்துவிட்டேன், அதை மறைக்கவில்லை. ஆவாரம்பூ போதாமல் கொழுந்தன் வண்டி எடுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போய்ப் பறித்து வந்தார். பொரி சீக்கிரமே வறுத்துவிட்டேன், நமத்துப் போய்விட்டது.

அயித்தை உட்காரும் இடத்தில்தான் உட்கார்ந்தேன். முதலில் வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன், பிறகு கொழுந்தனுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. சின்னவள் "பெரியம்மா, நாக்கு சுடுமா?" என்று கேட்டாள். வாயை மூடினால் சுடாது என்றேன். அதை எனக்கு முதல் வருடம் சொன்னது அயித்தை.

கடைசியாக என்னுடையது. வாய்க்குக் கொண்டு போகும்போது சுடர் அணைந்துவிட்டது. முற்றத்துக் காற்றுதான், மார்கழிக் காற்று. எனக்கு உடம்பெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. இதுதான் சிவப்புப் பூ என்று நினைத்தேன். அவர் தீப்பெட்டியை எடுத்து, திரும்ப ஏற்றட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்படியே போட்டுக்கொண்டேன். புகை வாசமும் வெல்லமும்தான் தெரிந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனால் எழுந்து போய் விளக்கை ஏற்றவும் இல்லை. தை பிறந்ததும் மதுரையில் ஒரு டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம்.

நைட் டூட்டி

படித்தேன் ஆச்சி.

பழைய வாத்தியார்

நமத்த பொரியை வெறும் சட்டியில் இன்னொரு தடவை வறுத்தால் சரியாகிவிடும் அம்மா.

சாமான் கடை
(இரவு 10.15)

தம்பிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அங்கே இப்போது நடுராத்திரி இருக்கும் என்று வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எட்டுத் தூணும் என்ன விலைக்குப் போனது என்ற ரசீது கிடைத்துவிட்டது, பெட்டகத்திலேயேதான் இருந்தது. காலையில் மறுபடி போடுகிறேன்.